எங்கள் வீட்டுப் புல்லட்டின் அசல் நிறம்

ரெட்டிச் என்னும் ஊரின் பெயரை நம் பள்ளித் தோழியரில் எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ அறியோம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள அச்சிற்றூர் ஒரு காலத்தில் தையல் ஊசிக்குப் பேர்போனது. அங்கே செய்த ஊசிகள் உலகெங்கும் கப்பலேறின. அந்த ஊரில் ஊசி செய்து வந்த டவுன்செண்ட் என்பவரின் பட்டறை, பின்னாளில் சைக்கிள் செய்யும் ஆலையாக மாறிற்று. 1890களில் என்ஃபீல்டு என்னுமிடத்திலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான உறுப்புகள் செய்து கொடுக்கும் வேலையும் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் தன் சைக்கிளுக்கு ‘ராயல் என்ஃபீல்டு’ என்று பெயர் சூட்டிக்கொண்டது. 1901-ஆம் ஆண்டு முதல் மோட்டார் சைக்கிளும் வெளிவந்தது. ‘துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது’ என்பதே அந்தக் கம்பெனியின் விளம்பர வாசகம். தையல் வகுப்பில் ஊசி முனையைக் கைவிரலில் ஏற்றிக்கொண்டு கண்ணீர் விடும் நமக்கு, அந்த ஊசியிலிருந்து ஒரு மோட்டார் வண்டி பிறந்த கதை வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆண்டு மலரில் பெண் பிள்ளைகள் எழுதும் விஷயமா இது என்று சிலர் நினைக்கக் கூடும். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட வண்டி ஒன்று நிற்கிறது. அதன் ‘அசல் நிறம்’ எது என்ற கேள்வி இவ்வாண்டு எங்கள் குடும்பத்தில் மூன்று மாத காலம் சோறு இறங்க விடாமல் செய்தது. எங்கள் மூத்த அக்காளின் நர்சிங் கல்லூரிக் கட்டணத்தில் பாதிக்கு மேற்பட்ட தொகை அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலில் அடங்கியிருந்தது. ஆகவேதான் நாங்கள் இருவரும், அதாவது இளைய தங்கையர் இருவரும், இதைத் தேடித் தேடிப் படித்தோம்.

இந்த வண்டி கரிசல் காட்டுக்கு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறோம். நாடு விடுதலை பெற்றபின் எல்லைப்புற ரோந்துக்குத் தக்க மோட்டார் சைக்கிள் வேண்டுமென்று நம் ராணுவம் தேடியபோது, மனத்துக்குப் பிடித்தது 350 சி.சி. புல்லட். சென்னையில் அந்த வண்டிகளை இறக்குமதி செய்து வந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார், ரெட்டிச் நிறுவனத்தாருடன் கூட்டுச் சேர்ந்து 1955-ல் ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் ஆலை எழும்பியது. முதலில் சீமையிலிருந்து உறுப்பு உறுப்பாக வந்ததை இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளையும் கருவிகளையும் விலைக்கு வாங்கி, 1960களில் முழு வண்டியையும் இங்கேயே செய்தார்கள்.

இதற்குள் சீமையில் காலம் மாறிவிட்டது. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. வேறோர் ஊரில் சிறிது காலம் ஒட்டிக்கொண்டிருந்த வேலையும் 1970-ல் நின்றுபோயிற்று. திருவொற்றியூரிலோ 1955-ஆம் ஆண்டு அச்சிலேயே வண்டிகள் வந்துகொண்டிருந்தன. 1977 முதல் அந்த வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின! தாய் வீடு பூட்டிக் கிடக்க, மகள் வீட்டிலிருந்து சீர் போனது போல் என்று எங்கள் ஆச்சி இதைக் கேட்டுச் சிரித்தார்கள். பழைய சீமைப் புல்லட்டின் அமைப்பைப் புது வண்டியில் பார்க்க விரும்பிய ஆங்கிலேயர், சென்னையில் செய்ததைத்தான் வாங்க வேண்டியிருந்தது. அப்படியானால் அசல் எது, நகல் எது? இந்த இடத்தில்தான் எங்களுக்கு முதன்முதலாகத் தலை சுற்றியது.

எங்கள் தாத்தா மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர்கள். 1979-ல் அந்தப் புல்லட்டை வாங்கினார்களாம். கடம்பூர், செட்டிகுறிச்சி, பன்னீர்குளம், வானரமுட்டி என்று எந்த ஊரில் மாடு கன்று ஈன முடியாமல் தவித்தாலும் நள்ளிரவில் கிளம்பி விடுவார்கள். ஆகஸ்டு 15-ஆம் நாள் காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா திருவிழாவுக்கு ஆச்சியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போய்த் தேர் பார்த்துவிட்டு வருவார்கள். வீரமாமுனிவர் இருந்த ஊருக்குப் புல்லட்டில் போன முதல் பெண்பிள்ளை தானேதான் என்று ஆச்சி இன்றும் சாதிக்கிறார்கள். அதை மறுத்துப் பேச எங்களிடம் சான்று இல்லை.

கரிசல் மண்ணின் குணம் நம்மில் எல்லாருக்கும் தெரியும். வெயில் காலத்தில் பிளந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மாவு போல் குழைந்து எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும். வண்டிச் சக்கரத்தோடு திரண்டு மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டால் சக்கரம் சுழலாது. தாத்தா ஒரு கருவேலங்குச்சியைச் சீவி, டூல் பெட்டியோடு கட்டி வைத்திருந்தார்கள், மண்ணைக் குத்தி எடுப்பதற்காக. அதுவும் போதாமல் முன் மட்கார்டைக் கம்பியில் வாஷர் கொடுத்து இரண்டு விரற்கடை தூக்கி விட்டிருந்தார்கள். ரெட்டிச்சிலும் திருவொற்றியூரிலும் இல்லாத இந்த அமைப்பை நாங்கள் ‘கயத்தாறு மாடல்’ என்று சொல்லிக்கொள்கிறோம்.

தாத்தா 2016-ல் இறைவனடி சேர்ந்தார்கள். அதன்பின் வண்டி மாட்டுத்தொழுவின் ஓரத்தில் சாக்கு மூடிக் கிடந்தது. இவ்வாண்டு கோடையில் அப்பா அதை வெளியே எடுத்துக் கழுவிப் பார்த்தபோது டேங்க்கின் அடிப்புறம் துருவேறியிருந்தது. கோவில்பட்டியிலிருந்து வந்த மெக்கானிக் மாமா உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் துருவைத் தேய்த்தார். கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் ஒரு கருஞ்சிவப்பு தெரிந்தது. அதற்கும் அடியில் மங்கிய பச்சை. அதற்குக் கீழே தகரம்தான்.

“அண்ணாச்சி, இது பட்டாளத்து வண்டில்லா!” என்றார் மாமா.

பின் மட்கார்டின் இருபுறமும் பை மாட்டும் கம்பிகள் ஏன் இருந்தன என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. தாத்தா மருந்துப் பெட்டியைக் கட்டிய அந்தக் கம்பிகளில், முன்னே ஒரு சிப்பாயின் மூட்டை தொங்கியிருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் 1968-ஆம் வருடத் தயாரிப்பு என்று இருக்கிறது. ராணுவத்தில் உழைத்து, ஏலத்தில் கழித்துவிடப்பட்டு, யாரோ ஒருவர் வாங்கிச் சிவப்படித்து ஓட்டி, அதன்பின் தாத்தாவிடம் வந்து கறுப்பாயிற்று.

பட்டாளத்து வண்டிக்குப் பச்சை அடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பளபளப்பு வெயிலில் மின்னினால் தூரத்திலிருக்கும் எதிரிக்குக் குறி சொன்னது போலாகும். ஆகையால் சக்கர வளையம், ஹேண்டில்பார், சைலன்சர் எதிலும் குரோமியப் பூச்சே இல்லாமல் எல்லாவற்றுக்கும் மங்கிய வர்ணம்தான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ‘எம் 20’ வண்டிகளைச் செய்து கொடுத்த பி.எஸ்.ஏ. கம்பெனியும் இப்படித்தான் செய்தது. அமைதிக் காலத்தில் அதே கம்பெனி ‘கோல்டு ஸ்டார்’ என்னும் பந்தய வண்டியின் டேங்க்குக்குக் குரோமியம் பூசி, நடுவில் வெள்ளி நிறம் தீட்டி மினுக்கியது.

பழைய சீமை வண்டிகளின் வர்ணக் கதைகள் படிக்கப் படிக்கச் சுவையானவை. கறுப்பு வர்ணமும் தங்கக் கோடுமே மோட்டார் சைக்கிளுக்கு அழகு என்றிருந்த நாளில், டிரையம்ப் கம்பெனி 1937-ல் ‘ஸ்பீடு ட்வின்’ வண்டியைச் சட்டம், சக்கரம் உட்பட அமராந்த் சிவப்பில் வெளியிட்டது. அமராந்த் என்பது நம் தண்டுக்கீரையின் இனம். செங்கீரைத் தண்டை மனத்தில் நினைத்துக்கொண்டால் நிறம் கிடைத்துவிடும். அதே கம்பெனியின் ‘போனவில்’ 1959-ஆம் ஆண்டு மாடலாக ஆரஞ்சும் முத்துச் சாம்பலும் கலந்த வர்ணத்தில் வந்தது. வாங்குவோர் முகம் சுளித்தார்கள். உடனே நீல வர்ணத்துக்கு மாற்றிவிட்டார்கள். அன்று விலை போகாத அந்த ஆரஞ்சு வண்டிக்குத்தான் இன்று சேகரிப்போரிடையே போட்டா போட்டி! பெண் பார்க்க வருவோர் கூடத் தேவலை என்று எங்களுக்குத் தோன்றியது.

ஒரே பெயர், ஒரே வருடம் என்றாலும் வண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அமெரிக்காவுக்குப் போனவற்றுக்குச் சிறிய டேங்க்கும் உயர்ந்த ஹேண்டில்பாரும் வைத்தார்கள். உள்நாட்டில் விற்றவற்றுக்குப் பெரிய டேங்க், தாழ்ந்த ஹேண்டில்பார். அக்காலத்துச் சீமை வண்டிகளில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். 1970களின் நடுவில் அமெரிக்கச் சட்டம் கியர் இடக்காலில்தான் இருக்கவேண்டும் என்றதும், பிரிட்டிஷ் கம்பெனிகள் அவசர அவசரமாக மாற்றி அமைத்தன. நம் சென்னைப் புல்லட் அதைப் பற்றிக் கவலையே படாமல் 2000-க்குப் பிறகும் சில காலம் வலக்கால் கியரோடு ஓடியது. வேறு வண்டி ஓட்டிப் பழகியவர்கள் புல்லட்டில் ஏறிப் பிரேக்கை மிதிப்பதாக எண்ணிக் கியரை மிதித்துத் தடுமாறும் காட்சியைக் கயத்தாறு பஸ் நிலையத்தருகே நாங்களே கண்டிருக்கிறோம்.

சென்னை ஆலையிலும் ஒரே மாதிரி வண்டி வரவில்லை. ராணுவத்துக்குப் பச்சை, பொதுமக்களுக்குக் கறுப்பில் தங்கக் கோடு போட்ட ‘ஸ்டாண்டர்டு’, கொஞ்சம் கூடுதல் காசு உள்ளவர்களுக்குக் குரோமியம் பளபளக்கும் ‘டீலக்ஸ்’. 1970களிலும் 80களிலும் வந்த வண்டிகளின் டேங்க்கில் ‘என்ஃபீல்டு’ என்று மட்டும் இருக்கும். ஐஷர் நிறுவனத்தார் பொறுப்பேற்றபின், 1990களின் நடுவில்தான் ‘ராயல்’ என்ற சொல் திரும்பி வந்தது. ஆனால் உள்ளே இருந்த எஞ்சின் பல பத்தாண்டுகளுக்கு ஒன்றேதான்: 70 மில்லிமீட்டர் குறுக்களவு, 90 மில்லிமீட்டர் ஓட்டம், 346 சி.சி. கொள்ளளவு. கணக்குப் பாடத்தில் உருளையின் கன அளவு வரும்போது தோழியர் இதைப் போட்டுப் பார்க்கலாம். விடை சரியாக வரும்.

டேங்க்கின் தங்கக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது அச்சில் ஒட்டியது அல்ல. நீண்ட மயிருள்ள மெல்லிய தூரிகையால் அளவுகோல் இல்லாமல் கையால் இழுத்தது. திருவொற்றியூர் ஆலையில் இதற்கென்றே தேர்ந்த கலைஞர்கள் இருந்து புகழ்பெற்றார்கள். டேங்க்கின் வளைவில் கோடு தடித்தாலோ மெலிந்தாலோ கண்ணில் குத்தும். மூச்சடக்கி ஒரே இழுப்பில் இழுக்க வேண்டுமாம். ஆகவே ஒரே ஆலையில் ஒரே நாளில் வந்த இரண்டு வண்டிகளின் கோடுகள் கூட நுணுகிப் பார்த்தால் மயிரிழை வேறுபடும். அசல் என்று சொல்வதில் இத்தனை உட்பிரிவுகள்!

நாங்கள் இப்படிப் படித்துக்கொண்டிருந்த வேளையில்தான் வெளியூரிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பழைய வண்டிகளைச் சேகரிப்பவர் என்று மெக்கானிக் மாமா சொன்னார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எஞ்சினைத் தட்டிப் பார்த்தார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து, தாம் தரவிருக்கும் தொகையைச் சொன்னார். அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய தொகை.

ஆனால் ஒரு நிபந்தனை. டேங்க்கைச் சுரண்டிவிட்டு, 1950களின் சீமைப் புல்லட்டைப் போல் வெள்ளிச் சாம்பல் நிறம் அடித்து, ‘ராயல் என்ஃபீல்டு’ என்று ரெட்டிச் காலத்து முத்திரை பதிக்க வேண்டும். முத்திரையை அவரே கொண்டு வருவார். கேட்பவர்களிடம், தாத்தா சீமை வண்டியாகத்தான் வாங்கினார் என்று நாங்கள் சொன்னால் போதும். இப்படியே கறுப்பாக என்றால் அதில் கால் பங்குதான் தருவார்.

அப்பா அன்றே பதில் சொல்லவில்லை. அக்காளுக்குப் பணம் கட்ட வேண்டிய நாள் மூன்று வாரத்தில் இருந்தது.

அந்த மூன்று வாரமும் எங்கள் வீடு பட்டிமன்ற மேடையாயிற்று. இரும்பு வண்டிக்கு என்ன வர்ணம் அடித்தால் என்ன, பிள்ளையின் படிப்பு பெரிதல்லவா என்பது அம்மாவின் கட்சி. “பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு எட்டாம் கட்டளை இருக்கே” என்று சின்னவள் சொன்னதற்கு, “வண்டிக்கு வாய் இருக்காட்டி, சாட்சி சொல்ல?” என்று அம்மா திருப்பிக் கேட்டார்கள். அதற்கு எங்களால் பதில் சொல்ல இயலவில்லை. அப்பாதான் வெகு நேரம் கழித்து, “வண்டிக்கு வாய் கிடையாது. அதனாலதான் அது நெத்தியிலே எழுதி ஒட்டுதாங்க” என்றார்கள்.

நாங்கள் இருவரும் மூன்றாவது கட்சி. ஆலையிலிருந்து வந்த நிறம் பச்சைதானே, பச்சையே அடித்துவிடுவோம், அதுதான் உண்மை, அப்படியே விற்றால் நல்ல விலைக்குக் கேட்பவர் ஒருவராவது வர மாட்டாரா என்று வாதாடினோம். இதைப் பற்றி விவரம் கேட்கப் போன இடத்தில் எங்களுக்கு ஒரு செய்தி காத்திருந்தது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதியின்படி, பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமான வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் அந்த ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. ஆலை தந்த நிறத்தையே சட்டம் தடுக்கிறது! இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொய்யாகப் பட்டாள வண்டி வேடம் போட்டு யாரும் எங்கும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதிகளையும் கொண்டுவந்திருக்கிறது. 50 ஆண்டுக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். மூல வடிவத்தில் காக்கப்பட்டிருக்க வேண்டும். சட்டத்திலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது. அப்பா இதைப் படித்துவிட்டு, “அப்போ கடம்பூருக்குக்கூடப் போக முடியாது. காட்சிக்கு நிறுத்தத்தான்” என்று காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்கள்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி ஒரு நாள் மாலை, ஜெபமாலை முடிந்ததும் பேசினார்கள். “பச்சை பட்டாளத்தான் அடிச்சது. சிவப்பு எவனோ அடிச்சது. கறுப்பு உங்க தாத்தா கூலி கொடுத்து அடிச்சது. எனக்கு அதுதான் தெரியும்.” ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். நிறம் என்ற இடத்திலும் கறுப்பு என்றே இருந்தது.

பக்கத்து வீட்டு மாமா ஒருவர் வேறு ஒரு நியாயம் பேசினார். 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனை வெள்ளைக்காரன் தூக்கிலிட்ட ஊர் இது. அந்த ஊரிலே நின்றுகொண்டு, நம் ஆள் செய்த வண்டிக்கு வெள்ளைக்காரன் முத்திரை குத்தினால்தான் விலை என்கிறானே என்று பொரிந்து தள்ளினார். கேட்க வீராவேசமாக இருந்தது. ஆனால் அந்த மாமா கடன் ஏதும் தர முன்வரவில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

வந்தவர் மறுபடி வந்தபோது அப்பா வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். “இது மெட்ராஸ் வண்டிங்க. 1968. பட்டாளத்திலே இருந்தது. இப்படியே எடுக்கிறதானா எடுங்க, புத்தகத்திலே உள்ளதைச் சொல்லிக் கொடுக்கேன்.” அவர் கோபப்படவில்லை. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சிரித்துக்கொண்டே கொண்டுவந்த முத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “யோசிச்சுச் சொல்லுங்க” என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அவர்களே தங்கள் சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து அப்பாவிடம் கொடுத்தார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் வாங்கிக் கட்டணம் கட்டியாயிற்று. அக்காள் இப்போது கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிறாள்.

வண்டியின் வேலை பாதியில் நிற்கிறது. டேங்க்கின் அடிப்பகுதியை வெட்டிப் புதுத் தகரம் பற்றவைத்தாயிற்று. பழைய மரைகள் அங்குலக் கணக்கில் இருப்பதால் மாமா தம் தகப்பனார் காலத்து ஸ்பானர்களைத் தேடி எடுத்து வந்தார். கறுப்பு அடித்தபின் தங்கக் கோடு போடக் கோவில்பட்டியிலிருந்து போர்டு எழுதும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். டேங்க்கின் இடப்பக்கம் வளைவில் கோடு சற்றே தடித்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி இழுக்கட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள். மட்கார்டை மட்டும் இரண்டு விரற்கடை தூக்கியே வைக்கச் சொல்லியிருக்கிறோம். அடுத்த ஐப்பசிக்குள் வண்டி ஓடும் என்கிறார் மாமா. அம்மாவின் சங்கிலியைச் சித்திரையில் மீட்பதாக அப்பா சொல்லியிருக்கிறார்கள்.